கணினி கேட்பது யாருடைய கணக்கை?

"இற்றைப்படுத்த முடியவில்லை. பின்னர் மீண்டும் முயற்சிக்கவும்." கணினியின் திரையில் இப்படியொரு செய்தி வந்தால் நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். டேட்டா இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் கணினியை அணைத்துவிட்டு மீண்டும் போடுவோம். அதற்கும் சரிவராவிட்டால், "இது பழசாகிவிட்டது" என்று தீர்ப்புக் கூறிவிட்டுக் கடைக்குக் கொண்டுபோவோம். உண்மையில் செயலியொன்று இற்றைப்படாமல் நிற்பதற்குப் பல வேளைகளில் இணையமோ கணினியின் வயதோ காரணமல்ல. கணினி "நீங்கள் யார்?" என்று கேட்கிறது, நாம் சொல்லும் பதில் அதனிடமுள்ள பதிவோடு பொருந்தவில்லை. இதனையே கணக்குச் சிக்கல் என்கிறோம்.

க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகக் கற்பதால் எங்கள் குடும்பத்தில் யாருடைய கணினிக்கு என்ன நேர்ந்தாலும் அது என்னிடம் வந்து சேர்ந்துவிடும். அப்படி வந்தவற்றுள் ஒன்றை வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். அது என் சாச்சாவின் மடிக்கணினி. சாச்சா ஓர் ஆசிரியர். அவர் மௌத்தாகிப் பல மாதங்களாக அந்தக் கணினி அலுமாரியிலேயே இருந்தது. மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பதால் சாச்சி அதை வெளியில் எடுத்தார். கணினி திறந்தது, ஆனால் வகுப்புக்குத் தேவையான காணொளிச் செயலி, "பழைய பதிப்பு, இற்றைப்படுத்துங்கள்" என்றது. இற்றைப்படுத்தப் போனால் பிழைக் குறிமுறையொன்று வந்தது. சாச்சி என்னிடம் கேட்டது செயலியைப் பற்றியே அல்ல.

"மகள், கடைக்குக் குடுத்தா எல்லாத்தையும் அழிச்சித்துத்தான் திருத்துவாங்களாம். அவர்ட படங்கள் போயிருமா?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால் முதலில் கணக்கு என்றால் என்ன என்பதைப் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் பணிசெயல் முறைமையுள்ள கணினியில் நாம் உள்நுழையக்கூடிய கணக்குகள் இரண்டு வகை. ஒன்று உள்ளகக் கணக்கு. அது அந்தக் கணினிக்குள் மட்டுமே வாழ்வது. வெளியில் எவருக்கும் அதைத் தெரியாது. மற்றையது மைக்ரோசொஃப்ட் கணக்கு. அது ஒரு மின்னஞ்சல் முகவரியோடு கட்டப்பட்டு இணையத்தில் எங்கோ ஒரு சேவையகத்தில் பதிவாகியிருப்பது. மைக்ரோசொஃப்ட் ஸ்டோர் என்ற செயலிக் களஞ்சியத்திலிருந்து நாம் எடுப்பவற்றின் உரிமம் இரண்டாவது கணக்கின் பெயரில்தான் எழுதப்படுகிறது. ஒரு கணக்கின் கீழ் பத்துச் சாதனங்கள் வரையில் அச்செயலிகளை நிறுவலாம்.

பலருக்கும் தெரியாத விடயம் என்னவென்றால், கணினிக்குள் நுழைந்த ஆளும் ஸ்டோருக்குள் நுழைந்த ஆளும் வேறு வேறாக இருக்க முடியும். கணினி உம்மாவின் பெயரில் திறந்திருக்கும். ஸ்டோரின் மூலையிலுள்ள வட்டத்தை அழுத்திப் பார்த்தால் கட்டாருக்குப் போன நானாவின் பெயர் இருக்கும். நானா அங்கே கடவுச்சொல்லை மாற்றினால் இங்கே இற்றைப்படுத்தல் நின்றுவிடும். ஆகவே எந்தக் கணினியானாலும் முதலில் பார்க்க வேண்டியது அந்த வட்டத்தைத்தான்.

இன்னொரு மயக்கம் பின் இலக்கம் பற்றியது. சாச்சிக்குச் சாச்சாவின் நான்கு இலக்கப் பின் தெரியும். அதனால் கணினி திறந்தது. ஆனால் பின் என்பது கடவுச்சொல் அல்ல. அது அந்த ஒரு சாதனத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வீட்டுக் கதவின் சாவி கையிலிருப்பதால் வங்கிக் கணக்கைத் திறக்க முடியாதல்லவா? கணக்கைச் சரிபார்க்கும்படி கேட்கும்போது கடவுச்சொல்லைத்தான் கேட்பார்கள். அதை மறந்துவிட்டால் குறிமுறையொன்று தொலைபேசிக்கு அனுப்பப்படும். சாச்சாவின் தொலைபேசி இலக்கம் நீண்டகாலம் ரீலோட் செய்யப்படாமல் செயலிழந்திருந்தது. குறிமுறை போய்ச் சேர இடமில்லை.

இனிப் பிழைக் குறிமுறைகளுக்கு வருவோம். என் தோழிகள் பலர் இவற்றைக் கண்டதும் பயந்து மூடிவிடுகிறார்கள். எனக்கோ இந்தப் பகுதிதான் மிகவும் பிடிக்கும், ஏனெனில் நாம் வகுப்பில் "இதனால் என்ன பயன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே செய்யும் எண் முறைமைக் கணக்கு இங்கே அப்படியே பயன்படுகிறது.

குறிமுறையின் முன்னால் ஒரு பூச்சியமும் எக்ஸும் நிற்கும். பின்னால் வருவது பதினறும எண் என்பதற்கான அடையாளமே அது. அடுத்து எட்டு இலக்கங்கள் இருக்கும். உதாரணமாக 80070005 என்பதை எடுப்போம். முதலிலுள்ள 8, இது தோல்விச் செய்தி என்கிறது. துவிதத்தில் எழுதினால் 8 என்பது 1000, அதாவது மிக உயர்ந்த பிற்று 1. நான்காவதாகவுள்ள 7, இப்பிழை விண்டோஸின் அடிப்படைப் பிழைப் பட்டியலிலிருந்து வந்தது என்கிறது. கடைசி நான்கு இலக்கங்களே அப்பட்டியலிலுள்ள வரிசை இலக்கம். 0005 தசமத்திலும் 5தான். ஐந்தாம் இலக்கப் பிழை "அணுக அனுமதி மறுக்கப்பட்டது" என்பதாகும். அதாவது நீங்கள் நுழைந்துள்ள கணக்குக்கு இந்தக் காரியத்தைச் செய்யும் அதிகாரம் இல்லை.

80070070 என்று வந்தால்? 7 × 16 = 112. அந்தப் பட்டியலில் 112 என்பது வட்டில் இடமில்லை என்பது. கணக்கு விவகாரமே அல்ல. தேவையற்ற கோப்புகளை நீக்கினால் போதும். இதைக் கண்டு கடவுச்சொல்லை மாற்றப் புறப்படுபவர் வீண் வேலை செய்கிறார்.

சாச்சாவின் கணினியில் வந்தது 80072எஃப்8எஃப். கடைசி நான்கு இலக்கங்களை மாற்றிப் பார்த்தேன். எஃப் என்பது 15. எனவே 2 × 4096, 15 × 256, 8 × 16, 15 ஆகியவற்றைக் கூட்ட 12175 வரும். இது பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை என்பதற்கான இலக்கம். கடவுச்சொல் பிழை என்று அது சொல்லவேயில்லை!

பாதுகாப்பான இணைப்பு ஏன் தோற்கிறது? நமது கணினி ஒரு சேவையகத்தோடு பேசும்போது அந்தச் சேவையகம் தனது அடையாளச் சான்றிதழைக் காட்டுகிறது. அச்சான்றிதழுக்கு ஆரம்பத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. நமது கணினி தனது கடிகாரத்தைப் பார்த்து, இன்றைய நாள் அவ்விரண்டுக்கும் இடையில் விழுகிறதா என்று சரிபார்க்கும். பல மாதங்கள் மின்னில்லாமல் கிடந்த கணினியின் கடிகாரம் நின்று பழைய திகதியொன்றுக்குப் போயிருந்தால், நல்ல சான்றிதழும் அதற்குப் பொய்யாகத் தோன்றும். உடனே இணைப்பைத் துண்டித்துவிடும். நமக்குக் கிடைப்பதோ "உள்நுழைய முடியவில்லை" என்ற செய்தி மட்டும்.

எனவே கணக்கைத் தொடுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். அமைப்புகளில் நேரமும் மொழியும் என்ற பகுதிக்குச் சென்று, நேரத்தைத் தானாக அமைக்கும் ஆளியை இயக்கி, "இப்போது ஒத்திசை" என்பதை அழுத்தினால் சரியாகிவிடும். நேர வலயத்தில் நமக்குரியது ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற பெயரில் 5.30 உடன் இருக்கும். கொழும்பு என்று தேடிக் களைத்துப்போனவர்களுக்காக இதைச் சொல்கிறேன். திருத்திய பின்னும் கணினியை அணைத்துப் போடும்போது திகதி மீண்டும் பின்னால் போனால், உள்ளே இருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றுவதற்குக் கடைக்குப் போகலாம். அதற்காக எதையும் அழிக்க வேண்டியதில்லை.

கடிகாரம் சரியானதும் 12175 மறைந்தது. அடுத்து வந்தது உண்மையான கணக்குச் சிக்கல்: உங்கள் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், கடவுச்சொல்லைத் தாருங்கள் என்றது கணினி. அந்தக் கடவுச்சொல் இவ்வுலகில் எவருக்கும் தெரியாது.

இந்த இடத்தில்தான் நிறுத்தி யோசிக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டல்கள் பல, "பழைய கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிடும். விண்டோஸில் ஒரு பயனரை நீக்கும்போது வரும் பெட்டியில் "கணக்கையும் தரவையும் அழி" என்றே எழுதப்பட்டிருக்கும். தரவு என்றால் அந்தப் பயனரின் மேசைத்தளம், ஆவணங்கள், படங்கள் யாவும். அதை அழுத்தியிருந்தால் சாச்சி பயந்தது நம் வீட்டிலேயே நடந்திருக்கும். கடைக்குப் போக வேண்டிய தேவையே இருந்திராது.

படங்கள் இருப்பது கணக்கில் அல்ல, வட்டில். சி டிரைவில் பயனர்கள் என்ற கோப்புறைக்குள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கோப்புறை உண்டு. கடவுச்சொல் தெரியாவிட்டாலும், பின் இலக்கத்தால் உள்ளே போக முடிந்தால் அவற்றை வெளியில் பிரதி எடுக்கலாம். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒன்ட்ரைவ் இயங்கும் கணினிகளில் சில கோப்புகள் இணையத்தில் மட்டுமே இருக்கும். இங்கே தெரிவது பெயர் மாத்திரமே. கோப்பின் அருகே மேக அடையாளம் இருந்தால் அது வட்டில் இல்லை. பச்சைச் சரி அடையாளம் இருந்தால் வட்டிலும் இருக்கிறது. சாச்சாவின் கணினியில் படங்கள் அனைத்துக்கும் பச்சை அடையாளம் இருந்தது. அதைச் சாச்சிக்கு விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். மேக அடையாளத்தோடு இருந்தது கடந்தகால வினாத்தாள் கோப்புறை ஒன்று மட்டுமே. அது திறக்கவில்லை. அவரோடு கற்பித்த ஆசிரியர் ஒருவரிடம் அதே வினாத்தாள்கள் இருந்தன.

இரண்டாவது ஆபத்து இதைவிடப் பெரியது; வெளியில் தெரியாதது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு முழுவதும் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். மைக்ரோசொஃப்ட் கணக்கோடு முதன்முதலில் உள்நுழையும்போது தானாகவே இது நடந்துவிடுவதுண்டு, உரிமையாளருக்கே தெரிந்திராது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படுகிறது. ஏதேனும் காரணத்தால் கணினி அச்சாவியைக் கேட்க ஆரம்பித்துவிட்டால், கணக்கைத் திறக்க முடியாதவருக்கு வட்டும் திறக்காது. ஆகவே கணினி நல்லபடியாகத் திறந்திருக்கும்போதே அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதியிலுள்ள சாதன மறைகுறியாக்கத்தைப் பாருங்கள். இயங்கிக்கொண்டிருந்தால் சாவியைப் பிரதியெடுத்துத் தாளில் எழுதிவையுங்கள், அல்லது மறைகுறியாக்கத்தை நிறுத்துங்கள். நிறுத்தினால் வட்டு பழைய நிலைக்கு வரச் சில மணித்தியாலங்கள் எடுக்கலாம். அதுவரை மின் இணைப்பைக் கழற்றக் கூடாது. சாச்சாவின் கணினியில் அது இயங்கவில்லை.

படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டொன்றில் பிரதியெடுக்க ஒரு பிற்பகல் முழுவதும் போனது. சாச்சியை அருகில் இருத்திக்கொண்டே அதைச் செய்தேன். மின்னஞ்சலை நான் திறக்கவில்லை. ஒருவரின் கணினி அவர் இல்லாதபோது நம் கையில் வருவது அமானிதம் என்றே எனக்குப் பட்டது. படங்கள் அவர் குடும்பத்தினுடையவை, கடிதங்கள் அப்படியல்ல.

அதன் பின் பழைய கணக்கைத் தொடாமல் புதிய பயனர் ஒருவரைச் சேர்த்தேன். அமைப்புகளில் கணக்குகள் பகுதிக்குள் பிற பயனர்கள் என்ற இடத்தில் "கணக்கைச் சேர்" என்பதை அழுத்தினால் மின்னஞ்சல் கேட்கும். "இவரின் உள்நுழைவு விவரம் என்னிடம் இல்லை" என்பதையும், அடுத்துவரும் "மைக்ரோசொஃப்ட் கணக்கில்லாமல் பயனரைச் சேர்" என்பதையும் தெரிவு செய்தால் உள்ளகக் கணக்கொன்று உருவாகும். உருவானதும் அது சாதாரணப் பயனராகவே இருக்கும். கணக்கு வகையை மாற்றி நிர்வாகியாக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நான் முன்பு சொன்ன ஐந்தாம் இலக்கப் பிழை வாசலிலேயே காத்திருக்கும். ஒரு கணினியில் ஒரேயொரு நிர்வாகிதான் இருக்கிறார், அவரது கணக்கும் பழுதாகிவிட்டது என்றால் அது மிகவும் இக்கட்டான நிலை. பழைய கணக்கு திறக்கும்போதே புதிய நிர்வாகியை நியமிப்பது அதனால்தான்.

புதிய பயனராக நுழைந்து ஸ்டோரைத் திறந்தோம். இலவசச் செயலிகள் பலவற்றை உள்நுழையாமலேயே எடுக்கலாம். காணொளிச் செயலி அப்படித்தான் இற்றைப்பட்டது. பின்னர் சாச்சியின் பெயரில், சாச்சியின் சொந்தத் தொலைபேசி இலக்கத்தோடு மைக்ரோசொஃப்ட் கணக்கொன்றையும் ஆரம்பித்தோம். அதை ஸ்டோரில் இடும்போது, இந்தக் கணக்கை இச்சாதனம் முழுவதும் பயன்படுத்தவா என்று கேட்கும். அவசரத்தில் "ஆம்" என்று அழுத்தினால் உள்ளகக் கணக்கு மைக்ரோசொஃப்ட் கணக்காக மாறிவிடும். "செயலிகளுக்கு மட்டும்" என்ற சிறு எழுத்து வரியைத் தெரிவு செய்தால் போதும்.

கணக்குச் சரியாக இருந்தும் இற்றைப்படுத்தல் அசையாமல் நிற்பதும் உண்டு. அப்போது விண்டோஸ் சாவியையும் ஆர் சாவியையும் ஒன்றாக அழுத்தி, வரும் பெட்டியில் டபிள்யூ, எஸ் என்ற இரண்டு எழுத்துகளையும் ரீசெட் என்ற சொல்லையும் இடைவெளியின்றித் தட்டச்சுச் செய்யுங்கள். வெறும் கறுப்புச் சாளரமொன்று தோன்றிச் சிறிது நேரம் நிற்கும். பயந்து மூடிவிட வேண்டாம். அது ஸ்டோரின் தற்காலிகச் சேமிப்பைத் துடைக்கிறது; உங்கள் கோப்பு எதையும் தொடாது.

பெற்றோருக்கு இரண்டொரு விடயங்களைச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் கணக்கு ஆரம்பிக்கும்போது பிறந்த ஆண்டை ஏதோவொன்றாக இட்டுவிடாதீர்கள். வயது குறைவாகப் பதிவானால் அது சிறுவர் கணக்காகி, பெற்றோரின் அனுமதி கேட்டு நிற்கும். அந்த அனுமதியைத் தர வேண்டிய பெற்றோர் கணக்கே இல்லையென்றால் பிழைக்கான காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கே ஒரு நாள் போய்விடும். பாடசாலை வழங்கிய கணக்கைச் சொந்தக் கணினியில் இடும்போது, "என் நிறுவனம் இச்சாதனத்தை நிர்வகிக்க அனுமதி" என்ற பெட்டியில் அடையாளம் இருந்தால் எடுத்துவிடுங்கள். பாடசாலையை விட்டு விலகும் நாளில் அந்தக் கணக்கும் விலகிப்போகும். அதோடு கட்டப்பட்ட செயலிகளும் நின்றுவிடும்.

தொடர்பாடல் நிலையங்களில் மின்னஞ்சல் திறந்துகொள்ளும் நம் பழக்கமும் என்னைக் கவலைப்படுத்துகிறது. பல்கலைக்கழக விண்ணப்பம் இப்போது இணையவழியில்தான். அதற்காகக் கடையொன்றில் அவசரமாக மின்னஞ்சல் திறக்கும் அக்காமார் பலரின் மீட்பு இலக்கமாகக் கடைக்காரரின் இலக்கமே இடப்பட்டிருக்கிறது. பின்னர் எது நடந்தாலும் குறிமுறை அவரிடமே போகும். பெண்பிள்ளையின் கணக்கு அவளுடைய அல்லது அவளது உம்மாவின் இலக்கத்தில் இருப்பதற்கு யாரும் கோபிக்கப்போவதில்லை.

ஒருவர் இறந்த பின் அவரது கணக்கு என்னவாகும் என்ற கேள்விக்கும் நிறுவனங்கள் வெவ்வேறு விதமாக விடை வைத்திருக்கின்றன. கூகுளில் செயலற்ற கணக்கு முகாமையாளர் என்ற வசதி 2013 முதல் இருக்கிறது; குறித்த காலம் வரை நாம் நுழையாவிட்டால் நம் தரவை யாருக்குக் கொடுப்பது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். அப்பிள் சாதனங்களில் 2021 இன் இறுதியிலிருந்து மரபுரிமைத் தொடர்பாளரை நியமிக்க முடிகிறது. மைக்ரோசொஃப்ட் கணக்கில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது உள்நுழைய வேண்டும். தவறினால் அது மூடப்படலாம். சாச்சாவின் மின்னஞ்சல் முகவரிக்கும் அதுவே நடக்கக்கூடும். வெளி வட்டு இப்போது காணி உறுதிகளோடு அலுமாரியில் இருப்பதால் அதைப்பற்றிச் சாச்சி பெரிதாக யோசிக்கவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் புதிய பயனருக்கு மாறவில்லை. சாச்சா பணம் கொடுத்து வாங்கிய குறிப்பெழுதும் செயலி ஒன்று இருந்தது. புதிய கணக்கில் திறந்தால் 803எஃப்8001 வருகிறது. இதன் உரிமம் உங்களிடம் இல்லை என்பது அதன் பொருள். உரிமம் சாச்சாவின் பெயரில். அதை மாற்றிக் கொடுக்க வழியில்லை. குறிப்புகள் யாவற்றையும் சாதாரண ஆவணங்களாகச் சேமித்துக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அவற்றை வாசிக்க வேண்டுமென்றால் சாச்சி பழைய பயனராக, அந்த நான்கு இலக்கங்களைத் தட்டித்தான் உள்ளே போகிறார். எழுத்து அதில்தான் பெரிதாகத் தெரிகிறதாம்.